சொந்தத் தொழில் பற்றிக் கேட்டாயே

சயான் கோலிவாடா, மும்பை

அன்புள்ள சங்கரா,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் இங்கே எனக்குத் தலை நிமிர நேரமிருக்காது. கடைகளுக்கு வரிக் கணக்கு எழுதுகிறவன் பிழைப்பு அப்படி. கடைக்காரர்கள் பில்களை மஞ்சப்பையோடு கொண்டுவந்து மேஜையில் கொட்டிவிட்டு, "ரிட்டர்ன் போட்டிருங்க தம்பி" என்று போய்விடுவார்கள். தண்ணீர் பட்டு மை கலைந்த பில்லை வெளிச்சத்தில் பிடித்து எண்ணைத் தேடுவது என் பாடு.

வேலையை விட்டுவிட்டு நெதர்லாந்தில், அந்த உட்ரெக்டிலேயே தனியாளாகத் தொழில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். "நீ சந்தோஷமாகத்தானே இருக்கிறாய்?" என்று ஒரு கேள்வி வேறு. இருக்கிறேன். ஆனால் என்னை வைத்து முடிவு பண்ணாதே. என் மனைவி வனஜாவுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிறது, குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடும் அவள் கம்பெனியில்தான். அந்தத் தெம்பில் நான் சுதந்திர புருஷன்.

இதைப் பற்றி நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். மத்தியாஸ் பென்ஸ், புருனோ ஃப்ரே என்று ஜூரிச் பொருளாதார அறிஞர்கள் இருவர் ஜெர்மனி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து மூன்றிலும் பார்த்தார்கள். சம்பளக்காரரும் சொந்தத் தொழில்காரரும் அதே அளவு சம்பாதித்து, அதே அளவு நேரம் உழைத்தாலும், வேலையில் திருப்தி என்னவோ தொழில்காரருக்குத்தான் அதிகம். தலைக்கு மேல் அதிகாரி இல்லை, அவ்வளவுதான் விஷயம். பெரிய கம்பெனிக்காரர்களைவிடச் சின்னக் கம்பெனிக்காரர்களுக்குத் திருப்தி கூடுதல் என்பதும் அதே கணக்கில்தான் வருகிறது. இன்னொரு பக்கம், பார்ட்டன் ஹாமில்டன் 2000இல் அமெரிக்கக் கணக்கைப் போட்டுக் காட்டினார்: பத்து வருஷம் தொழில் நடத்துகிறவர்களின் இடைநிலை வருமானம், அதாவது வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம், அதே காலம் சம்பளத்துக்கு உழைத்திருந்தால் வருவதைவிட 35 சதவீதம் குறைவு. கையிலிருந்து காசைக் கொடுத்தாவது அதிகாரி இல்லாமல் இருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, இந்தக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் இடிக்கிறது. 2023-24 அரசுத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வேலை செய்கிறவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில்காரர்கள். அப்படியானால் நாம்தானே உலகத்திலேயே ஆனந்தமான ஜனங்களாக இருக்க வேண்டும்! அந்தக் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுக்கிறவர்கள்.

தாராவியில் செல்லையா அண்ணாச்சி இருக்கிறார். லோன் பேப்பர் எழுத என்னிடம் வருவார். இட்லிப் பாத்திரம், சாம்பார், சட்னி எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டு காலையில் தெருத்தெருவாகப் போகிறவர். "எனக்கு எவனும் முதலாளி கிடையாது" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும், பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் இருட்டோடு எழுந்து மாவு பார்த்து, தட்டு தட்டாக வேகவைத்து எடுப்பது அவர் மனைவி. கணக்கெடுப்பில் அந்த அக்காவும் சுயதொழில்காரிதான். அவரிடம் போய் அதிகாரி இல்லாத சுகம் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

போன மழைக்காலத்தில் அண்ணாச்சிக்கு டெங்கு. ஊரிலிருந்து மச்சினன் ரயிலேறி வந்து அதே தெருக்களில் அதே ஹார்னோடு சுற்றினான். ஒரு வாரம் ஆள் வராவிட்டால் வாடிக்கை வேறு சைக்கிளுக்குப் போய்விடும். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு எல்லாம் சம்பளக்காரருக்கு, இவருக்கு வாய்த்த இ.எஸ்.ஐ. மச்சினன்தான்.

அதனால் நீ கேட்க வேண்டியது, அதிகாரி இல்லாமல் இருக்கப் பிடிக்குமா என்றல்ல. அது யாருக்குத்தான் பிடிக்காது? படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேள். உங்கள் ஊரில் மருத்துவக் காப்பீடு எல்லாருக்கும் கட்டாயம், முதியோர் ஓய்வூதியமும் எல்லாருக்கும் உண்டு. ஆனால் வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் பணம் தனித் தொழில்காரருக்குத் தானாக வராது. தனித் தொழில்காரருக்கான வரிச்சலுகையையும் வருஷா வருஷம் வெட்டுகிறார்கள்: வரி போடுவதற்கு முன் லாபத்தில் 2020இல் 7,030 யூரோ கழிக்க முடிந்தது, 2025இல் 2,470தான். அப்புறம், இப்போது இருக்கும் கம்பெனியே உனக்கு ஒரே வாடிக்கையாளர் ஆகிவிட்டால் அது ஊழியர் வேலைதான் என்று வரித்துறை சொல்லக்கூடும். 2025 ஜனவரியிலிருந்து அதைக் கறாராகப் பார்க்கிறார்கள்.

அங்கே 'ப்ரோட்ஃபோண்ட்ஸ்' என்று ஒன்று 2006இலிருந்து நடக்கிறதாம். தனித் தொழில்காரர்கள் இருபதிலிருந்து ஐம்பது பேர்வரை சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு வைக்கிறார்கள். ஒருத்தர் நோயில் படுத்தால் மற்றவர்கள் இரண்டு வருஷம்வரை அவருக்கு மாதம் ஒரு தொகை தருகிறார்கள். நம் அம்மாக்கள் பிடித்த சீட்டு மாதிரிதான், ஏலம் மட்டும் கிடையாது. கூட்டம் சின்னது, ஒருவருக்கொருவர் முகம் தெரியும், அதனால் ஏமாற்றுவதற்குக் கூச்சப்படுவார்கள்.

தொழிலில் இறங்குவதானால் முதலில் அதில் சேர்ந்துவிட்டு இறங்கு. சேர்ந்தவுடனே பாதுகாப்பு தொடங்குமா, ஏற்கெனவே சர்க்கரை உள்ளவரைச் சேர்ப்பார்களா, நடுவில் விலகினால் போட்ட பணம் திரும்ப வருமா என்று விசாரித்து எனக்கும் எழுது. நான் கணக்கு எழுதிக் கொடுக்கிற கடைக்காரர்களில் ஏழெட்டுப் பேர் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். அண்ணாச்சியையும் சேர்த்துக்கொண்டு இங்கே ஒன்று ஆரம்பிக்க முடியுமா என்று பார்க்கிறேன். அந்த அக்கா பெயரில் தனிப் பங்கு போட வேண்டும் என்று வனஜா இப்போதே பிடிவாதம்.

அன்புடன்,
முத்து