கேக் மேல் ஏறிய கொம்பன்

செங்கோட்டை
ஆடி 10

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மகளுக்கு ஏழாம் மாதம் என்று படித்ததும் அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். ஒரு யானை வந்து குறுக்கே நின்றுவிட்டது.

புனலூரில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள். 1956-லேயே நம்ம ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, ஆனால் எனக்கு வரும் கேக் ஆர்டரில் பாதி இன்னும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்துதான். தும்பிக்கையைத் தூக்கிய யானை வேண்டுமென்றார்கள். சரி என்றுவிட்டேன்.

சாரல் காலத்தில் சரி என்றதுதான் தப்பு. பொம்மை பிடிக்கும் ஃபாண்டன்ட் மாவு முழுக்கச் சீனிதானே, காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். கால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. என்ற இறுக வைக்கும் பவுடர் போட்டுப் பிசைந்தால் வெயில் காலத்தில் ஒரே ராத்திரியில் இறுகிவிடும். இப்போது மூன்று நாளாகியும் கால்கள் நெகிழ்ந்தே இருந்தன. உடம்பைத் தூக்கி வைத்தேன், யானை மெல்லப் படுத்துவிட்டது. ஃப்ரிட்ஜில் வைக்கவும் முடியாது, வெளியே எடுத்ததும் வியர்த்து வழியும். ராத்திரி முழுக்க டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். பாகன் சம்பளம் யார் தருவது என்று எங்க வீட்டுக்காரர் கேட்கிறார்!

கால் ஒருவழியாக நின்றது. தும்பிக்கை நிற்கவில்லை. பிள்ளைகள் வாயில் வைக்கும் என்பதால் நான் பல்குச்சி செருகுவதில்லை, வேகாத ஸ்பகெட்டிதான். அதுவும் ஈரத்தில் வளைந்து, இரண்டு தடவை தும்பிக்கை விழுந்தது. வெட்கத்தை விட்டுப் புனலூருக்குப் போன் போட்டேன். எடுத்தது குழந்தையின் அப்பூப்பன், அதாவது தாத்தா. தூக்கவே வேண்டாம், லட்சணமான ஆனைக்குத் தும்பிக்கை நிலத்தைத் தொட வேண்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது. தரையில் ஊன்றிய தும்பிக்கை எங்கே போய் விழும்? கூடவே ஒன்று சொன்னார்: நகம் பதினெட்டு இருக்க வேண்டும், முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நாலு.

ஒரு வேடிக்கை கேள். மாவு காய்ந்து மேலே சுருக்கம் விழுவதை எங்கள் தொழிலில் ‘யானைத்தோல்’ என்போம். கல்யாணக் கேக்கில் அது வந்தால் அழுகைதான். இந்தத் தடவை ஃபேன் காற்றில் தானாக வந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

யானையைத் தனிப் பெட்டியில் வைத்து, புளியரை தாண்டி ஆரியங்காவு வளைவுகளில் மடியிலேயே கொண்டு போனேன். அப்பூப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். பதினேழு! ஒன்று வழியில் உதிர்ந்திருக்கிறது. கைப்பையிலிருந்த வெள்ளை மாவைக் கிள்ளி அங்கேயே ஒட்டிக் கொடுத்த பிறகுதான் கேக் வெட்ட விட்டார். குழந்தை முதலில் பிய்த்தது தும்பிக்கையைத்தான்.

ஏட்டி, வளைகாப்புக் கேக்கில் தோகை விரித்த மயில் கேட்டிருக்கிறாய். கோயில் கொடையில் ஜவ்வு மிட்டாய்க்காரர் நம் கையில் சுற்றிவிட்ட மயில் உனக்கு இன்னும் மறக்கவில்லை போல. அவருக்கென்ன, அடுத்த நிமிஷம் நாம் தின்றுவிடுவோம். என் மயில் உங்கள் ஊர் வரை பஸ்ஸில் வர வேண்டும். தோகையை மடக்கி உட்கார்ந்த மயில்தான் செய்வேன், கோபித்துக்கொள்ளாதே. கேக்குக்கும் விப்பிங் க்ரீம் வேண்டாம், அந்த ஈரத்தில் மயில் கரைந்துவிடும். கனாஷ் என்ற கெட்டிச் சாக்லேட் பூச்சு போடுகிறேன். எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் உடனே எழுது.

உன் பழைய
பெஞ்சுக்காரி