பினாங்கு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: ஊராட்சி மன்றக் கணக்கை எங்களிடம் காட்டச் செய்யுங்கள்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களே,

வணக்கம். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வீட்டு வாசலில் லோங்காங் (வடிகால்) மூடி உடைந்து எட்டு மாதமாகிறது. லாரி ஏறி உடைந்த சிமெண்டுப் பலகை அது. நாங்களே ஒரு பழைய கதவைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். அடைமழை பெய்தால் கதவு மிதந்து நகர்ந்துவிடும். ரோடு எது, லோங்காங் எது என்று தெரியாது. போன மாதம் கோயிலுக்குப் புறப்பட்ட பக்கத்து வீட்டுப் பாட்டி அதில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். நாங்கள் தூக்கியபோதும் அபிஷேகப் பால் பாக்கெட்டைக் கையைவிட்டு விடவில்லை. காலில் ஒன்பது தையல். இன்னும் வெளியே வரப் பயப்படுகிறார்.

ஊராட்சி மன்றத்திடம் மூன்று முறை புகார் கொடுத்தோம். மூன்று முறையும் ஒரே பதில்: "ஒதுக்கீடு இல்லை."

சரி, பணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்றாவது சொல்ல வேண்டாமா? பிப்ரவரிக் கடைசிக்குள் பாதி, ஆகஸ்டுக் கடைசிக்குள் பாதி என்று சுக்காய் பிந்து (மன்றத்துக்குக் கட்டும் வீட்டு வரி) தவறாமல் கட்டுகிறோம். கட்டத் தவறினால் நோட்டீஸ் மட்டும் வீடு தேடி வருகிறது.

1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டப்படி, மன்றத்தின் வரவு செலவுத் திட்டம் மாநில அரசின் ஒப்புதலுக்கு வர வேண்டும். வரி விகிதத்துக்கும் அப்படித்தான். அந்த ஒப்புதலுக்கு முன்பே தாமான் வாரியாகக் கணக்கை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டம் இயற்றுங்கள். இதைத்தான் கேட்கிறோம்.

1965இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் இன்னும் திரும்பவில்லை. மன்ற உறுப்பினர்களை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. அவர்களை எந்த உரிமையில் போய்க் கேட்பது? 2012இல் நம் மாநிலம் தேர்தலுக்குச் சட்டம் கொண்டுவந்ததையும், 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றதையும் மறக்கவில்லை. அப்போது முயன்றதற்கு நன்றி. ஆனால் கணக்கைக் காட்டச் சொல்ல யார் தடுக்கிறார்கள்? 2010இலேயே தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேற்றிய மாநிலம் இது. அந்தச் சட்டப்படி மனுப் போட்டுக் காத்திருந்துதான் ஒரு மூடியின் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத் தொடரில் இதை எழுப்புங்கள். ஒப்புதலுக்கு முன் கணக்கு எங்கள் கண்ணில் பட வேண்டும். அப்புறம், தயவுசெய்து, பாட்டி வீட்டு வாசலுக்கு ஒரு மூடி போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாமான்வாசி ஒருவர்