அருங்காட்சியகவியல் துணைப்பாடமாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2023-இல் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டபின் கல்லூரி மாணவர்கள் பேருந்து பேருந்தாக அங்கே சென்று வருகின்றனர். ஆனால், காட்சிப் பேழைக்குப் பின்னால் நடக்கும் வேலையை, அதாவது பொருட்களைப் பாதுகாத்துப் பதிவுசெய்யும் அருங்காட்சியகவியலை, கற்கும் வாய்ப்பு அவர்களுக்கு மிகக் குறைவு. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952-லேயே இதற்கெனத் துறை தொடங்கப்பட்டது. நம் கல்லூரிகளில் வரலாறோ வேதியியலோ முதன்மைப் பாடமாகப் படிப்பவர்கள் அருங்காட்சியகவியலைத் துணைப்பாடமாக எடுக்க வழி செய்ய வேண்டும்.

வேதியியல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மண்ணுக்கடியில் கிடந்த செப்புத் திருமேனியில் குளோரைடு உப்பு தங்கியிருந்தால், காற்றின் ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாக அரிப்பு கிளம்பி உலோகத்தையே தின்றுவிடும். அதை இனங்காணவும், பேழைக்குள் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தவும் பயின்ற கை வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, கிடைத்த இடம், அளவு, நிலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவது (சலிப்பூட்டும் வேலைதான்) இன்னும் முக்கியம். களவுபோன நம் கோயில் சிலைகள் சிலவற்றை வெளிநாடுகளிலிருந்து மீட்கப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த பழைய ஒளிப்படங்களே சான்றாக உதவின. எனவே, ஒரு பருவமாவது எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடத்தில் நேரடிப் பயிற்சி பெறுவதை உயர்கல்வித் துறை கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மதுரை.