சடங்குக்கு முன்பே முதுகைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாடாங் செராயில் 26 வருடங்களாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, பாவாடை தாவணி, சடங்கு ரவிக்கை எல்லாம் தைப்பேன். தோட்டத்துப் பிள்ளைகளும், தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்தவர்களின் பிள்ளைகளும் என்னிடம்தான் அளவு கொடுக்க வருவார்கள்.

சென்ற வருடம் ஒரு பிள்ளைக்குச் சடங்கு ரவிக்கை அளவெடுத்தேன். இரண்டு தோளுக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம். நாடாவைத் தவறாகப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி அளந்தேன். அதே முக்கால் அங்குலம். வலது பக்கத் தோள்பட்டை எலும்பும் புடைத்திருந்தது. “நிமிர்ந்து நில்லும்மா” என்றேன். “நிமிர்ந்துதான் நிற்கிறேன் ஆண்ட்டி” என்றாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் முன்பும் வந்திருக்கிறார்கள். தாழ்ந்த தோளில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன். அதை உதவி என்றே நினைத்தேன். இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இந்த முறை அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. புத்தகப் பை கனம் என்று நினைத்து, ஐந்து மாதம் எண்ணெய் போட்டு நீவ அழைத்துப் போயிருக்கிறார். அப்புறம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்ததில் முதுகெலும்பு வளைவு 34 டிகிரி. ஸ்கோலியோசிஸ் என்றார்கள். 10 டிகிரிக்கு மேல் பக்கவாட்டில் வளைந்தாலே இந்தப் பெயர்தான். பை சுமப்பதால் வருவதில்லை. பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

வளைவு கூடாமல் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் போடச் சொன்னார்கள், நாளுக்கு 18 மணி நேரம். “இந்த வெக்கையில் பிளாஸ்டிக் கூட்டை மாட்டிக்கொண்டு பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போவாள்? பலனாவது இருக்குமா?” என்று அம்மா என் கடையில் உட்கார்ந்து அழுதார். நியாயமான கேள்வி. தாதிப் படிப்பு படிக்கும் என் மகள்தான் தேடி வாசித்துப் பதில் சொன்னாள்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஸ்டூவர்ட் வைன்ஸ்டீன் இதே கேள்வியை ஆராய்ந்திருக்கிறார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 இடங்களில், 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு, 2013இல் வெளிவந்தது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதத்தினருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. போடாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் அது 48 சதவீதம். ஏறக்குறைய 13 மணி நேரமோ அதற்கு மேலோ தினமும் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் தப்பித்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். பொதுவாக 50 டிகிரி அளவுக்கு வந்தால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

அந்த 48ஐயும் மறைக்கக் கூடாது. பிரேஸ் இல்லாமலும் பலருக்குக் கூடுவதில்லை. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பிரேஸ் வேலை செய்வது வளரும் பிள்ளைக்கு மட்டுமே. பெண் பிள்ளைகள் கிடுகிடுவென்று உயர்வது வயதுக்கு வருவதற்குச் சற்று முன்புதான். வளைவும் அப்போதுதான் வேகமாகக் கூடும். வயதுக்கு வந்து இரண்டு வருடம் போல ஆனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அப்படியென்றால் சடங்கு ரவிக்கைக்கு நான் நாடா பிடிக்கும்போதே பாதி காலம் போய்விட்டது!

அதனால் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு ஆசிரியையோ தாதியோ குனியச் சொல்லிப் பாருங்கள். கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குனிய வேண்டும். பின்னால் நின்று பார்த்தால், வளைவு இருக்கும் பிள்ளைக்கு முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரியும். அரை நிமிட வேலை. காசு செலவில்லை. அம்மாக்கள் குளிப்பாட்டும்போது வீட்டிலேயே பார்க்கலாம்.

அந்தப் பிள்ளை இப்போது பிரேஸ் போடுகிறாள். உள்ளே போட, பக்கத் தையல் உறுத்தாத மெல்லிய பருத்தி பனியன் ஆறு தைத்துக் கொடுத்தேன். பள்ளிச் சீருடைப் பினாஃபோரையும் இடுப்பில் இரண்டு அங்குலம் விட்டுப் பிரித்துத் தைத்தேன். இப்படிப் பிள்ளை உள்ள யாருக்கும் கூலி வாங்காமல் தைத்துத் தருவேன்.

ஐயா, குனிந்து பார்க்கும் முறையைப் படத்தோடு உங்கள் மாணவர் பகுதியில் ஒருமுறை போடுங்கள். வெட்டி எடுத்து, நான் அளவெடுக்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
பாடாங் செராய், கெடா.