வேகம் குறைந்த மெமரியை மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர், மடிக்கணினித் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: வாரண்டியில் 3200 வேக மெமரிக்குப் பதிலாக 2400 வேக மெமரி பொருத்தப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மார்த்தாண்டத்திலும் எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலும் வீடு கட்டுவோருக்கு வரைபடமும் முப்பரிமாணத் தோற்றமும் வரைந்து கொடுப்பது என் சுயதொழில். அதற்காகத் தங்கள் மடிக்கணினியைத் திருவனந்தபுரத்தில் வாங்கினேன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டாலும், 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 3200 மெமரி என்று விவரக்குறிப்பில் அச்சிட்டிருந்ததை நம்பியே வாங்கினேன். வேலையும் தடையின்றி நடந்தது.

பின்னர் திரை வராமல் போனதால் அங்குள்ள தங்கள் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். ஒரு மெமரியை மாற்றித் தந்தார்கள். அன்றுமுதல் மாடி வீட்டின் தோற்றத்தைச் சுழற்றினால் படம் விட்டுவிட்டு நகர்கிறது. சுவர் திரும்பிய பிறகே கூரை ஓடுகள் வந்து சேர்கின்றன. வீட்டுக்காரரை அருகில் உட்காரவைத்து இதைக் காட்ட முடியவில்லை.

டாஸ்க் மேனேஜர் மெமரி வேகத்தை 2400 என்றும், கணினிப் பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1200 மெகாஹெர்ட்ஸ் என்றும் காட்டுகின்றன. அந்த மென்பொருள் பாதியைத்தான் காட்டும், கவலை வேண்டாம் என்று உதவி எண்ணில் பதில் கிடைத்தது. டிடிஆர் மெமரி ஒரு துடிப்புக்கு இருமுறை தரவை அனுப்புவதால் அது பாதியைக் காட்டுவது உண்மையே. ஆனால் 1200-இன் இரு மடங்கு 2400. வாங்கிய புதிதில் நான் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது 1600. மின்சேமிப்பில் வேகம் இறங்கியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். சார்ஜரில் இணைத்து, முழு வேலை கொடுத்து, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸையும் புதுப்பித்துப் பார்த்துவிட்டேன், 2400-ஐத் தாண்டவில்லை.

மீண்டும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனபோது, பணியாளர் அடிமூடியை என் முன்னிலையில் திறந்தார். ஒரு மெமரியின் லேபிளில் பிசி4-3200ஏஏ என்றும், அவர்கள் மாற்றிப் போட்டதில் பிசி4-2400டி என்றும் தெளிவாக அச்சிட்டிருந்தது, இரண்டையும் படமெடுத்திருக்கிறேன். வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்துப் போட்டால், மதர்போர்டு குறைந்த வேகத்துக்கே இரண்டையும் இறக்கிவிடும். அப்படியிருந்தும் சர்வீஸ் ரசீதில் ‘மெமரி 16 ஜிபி, குறை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். கொள்ளளவு சரியாக இருக்கிறது என்பது என் புகாருக்கான பதில் ஆகாது.

என் மடிக்கணினியில் இருப்பது பிராசஸரோடு ஒருங்கிணைந்த கிராபிக்ஸ்; அதற்கெனத் தனி மெமரி இல்லை. அது படம் வரைவதும் இந்த மெமரியைக் கொண்டுதான். இரண்டு மெமரிகளும் சேர்ந்து இயங்கும் இரு சேனல்களில் (தரவுப் பாதைகளில்) 3200 வேகம் நொடிக்கு 51.2 ஜிபி வரை தரவைக் கடத்தும். 2400-இல் அது 38.4 ஜிபி. கால் பங்கு குறைந்ததை ‘குறை இல்லை’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே, 2400 மெமரியை எடுத்துவிட்டு 3200 வேகமுள்ள 8 ஜிபி மெமரியைப் பொருத்தி, அதன் பாக எண்ணையும் சோதனையில் காட்டிய வேகத்தையும் சர்வீஸ் ரசீதில் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கேரளத்தில் பில் போட்டது என்று நாகர்கோவில் சர்வீஸ் சென்டர் திருப்பி அனுப்பியது. வாரண்டி இந்தியா முழுமைக்கும் என்று தங்கள் அட்டையிலேயே இருப்பதால், இப்பணியை நாகர்கோவிலிலேயே செய்துதர உத்தரவிட வேண்டும்.

15 நாட்களுக்குள் இதைச் செய்து தராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர அச்சட்டம் இடமளிக்கிறது.

பில், வாரண்டி அட்டை, இரு சர்வீஸ் ரசீதுகள், லேபிள் படங்கள், ஸ்கிரீன்ஷாட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
மார்த்தாண்டம்.