மல்லாட்டையும் பாதாமும்

வேலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

போனில் நீ பாதி சொல்வதற்குள் ஷிஃப்ட் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒத்துக்கொள்ளாத அந்தப் பெண்ணிடம், "எங்கள் கிச்சனில் உறுதி சொல்ல முடியாது" என்று நீ மறுத்ததும், அவள் அப்பா எல்லார் முன்னாலும் கத்திவிட்டுப் போனாராம். "சாப்பிட வந்தவங்களை அனுப்பிட்டேனே, தப்பாம்மா?" என்று கேட்டாய்.

அனுப்பினது தப்பில்லை. உனக்கு ஒரு கதை சொல்லவில்லை, சொல்ல வெட்கம்.

நீ கேட்டரிங் படித்துக்கொண்டிருந்த சமயம். கல்கத்தா பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு திதி (அவர்கள் பேச்சில் அக்கா), ஏழு வயசுப் பையனோடு நம் மெஸ்ஸுக்கு வந்தாள். "பாதாம் நஹி, பாதாம் நஹி" என்று பையனின் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு. நாம் போடுகிற இட்லிக்குப் பாதாம் ஒரு கேடா! "நோ பாதாம்" என்று தட்டை வைத்தேன். இட்லி மேலேயே மல்லாட்டைச் சட்னி. பையன் விரல் சட்னியில் படப்போகும்போது, பார்சல் வாங்க வந்த லாட்ஜ் பையன் ஓடிவந்து தட்டை இழுத்தான். அவனுக்கு வங்காளி தெரியும். அவர்கள் பேச்சில் வெறும் பாதாம் என்றால் நம் மல்லாட்டையாம். நம் பாதாமுக்குக் காட்பாதாம் என்று வேறு பெயராம். காட்பாடியில் இறங்கி வருகிறவர்களுக்குக் காட்பாதாம்!

சட்னியை எடுத்துவிட்டுச் சாம்பார் ஊற்றலாம் என்று கை போனது. அப்புறம்தான் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். தாளிப்பது கடலை எண்ணெய். பொடியில் மல்லாட்டை. சட்னிக் கரண்டியைத்தான் சாம்பார் வாளியிலும் போட்டிருக்கிறான் மாஸ்டர். "இங்கே வேண்டாம்மா" என்று கும்பிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. அவள் தங்கின லாட்ஜில் அடுப்பு உண்டு. பிரிக்காத மூட்டையிலிருந்து அரிசியும் நாலு உருளைக்கிழங்கும் கொடுத்தனுப்பினேன்.

நீ சொன்ன அந்த இங்கிலாந்து யார்க்‌ஷயர் ஓட்டல் வழக்கும் இதே சங்கதிதானே? பாதாம் தூளுக்குப் பதிலாக விலை குறைந்த மல்லாட்டைத் தூள். மல்லாட்டை ஒத்துக்கொள்ளாத ஒருவர் அதைச் சாப்பிட்டு 2014-இல் செத்தார். முதலாளிக்கு 2016-இல் 6 வருஷம் ஜெயில்.

ஆனால் இன்னொரு மாதிரி மறுப்பையும் பார்த்திருக்கிறேன். எனக்குப் பத்து வயசு இருக்கும். உன் தாத்தா டீக்கடையில் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கிறது. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் முடிந்து வந்த ஒருவர், மடங்கின விரல்களுக்கு நடுவில் காசை இடுக்கிக்கொண்டு நின்றார். தாத்தா, "டீ இல்லை நைனா" என்றார். நல்ல மனுஷர்தான் உன் தாத்தா. இருந்தும் அப்படிச் சொன்னார். டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியிலேயே அந்த மாதிரி விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தத் தொடங்கின ஊர் இது. கரிகிரி ஆஸ்பத்திரி 1955-இலிருந்து இருக்கிறது. எங்களுக்கெல்லாம் தெரியாததா? அந்த ஆள் ஒன்றும் பேசாமல் காசைச் சட்டைப் பையில் போடப் பார்த்தார். காசு நழுவி நழுவி விழுந்தது.

உன் அப்பா ஒரு தடவை, "அனுமதி மறுக்கும் உரிமை உண்டு" என்று போர்டு எழுதிக்கொண்டு வந்தார். மாட்ட விடவில்லை. சாதி, மதம், பால், பிறந்த ஊர் பார்த்து ஓட்டலில் விடமாட்டேன் என்று சொல்லக்கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. நோயைப் பற்றி அதில் இல்லை. எச்.ஐ.வி. இருப்பவரை ஓட்டலில் ஒதுக்கக்கூடாது என்று 2017-இல் தனிச்சட்டம் வந்தது. டாக்டர் சர்ட்டிஃபிகேட்டும் சமைக்கிற நம்மிடம்தான் வருஷா வருஷம் கேட்கிறார்கள், சாப்பிடுகிறவர்களிடம் இல்லை.

உன் மேல் எனக்கு ஒரே வருத்தம். ஆர்டர் எடுத்து, தண்ணீர் வைத்து, இருபது நிமிஷம் உட்காரவைத்த பிறகா சொல்வாய்? அந்தப் பெண் மெனுவில் எதையெல்லாம் ஆசையாகப் பார்த்து வைத்திருந்தாளோ. அவள் அப்பா கத்தினது அதற்காகத்தான் இருக்கும். வாசலிலேயே கேட்டுவிடு. மேனேஜர் பேரைச் சொல்லி நழுவாதே.

அந்த லாட்ஜ் பையனிடம் வங்காளியில் "சீனாபாதாம் உண்டு" என்று (மல்லாட்டைக்கு அவர்களின் முழுப் பெயர் அது) எழுதி வாங்கிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். சரியாக எழுதினானா, தலைகீழாக ஒட்டினேனா, ஒன்றும் தெரியாது. நின்று படிக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிறார்கள்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது.

அம்மா