மகளுக்கு ஃபிட்டர் பிரிவு கூடாதா?

ஆசிரியருக்கு,

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்க்கை வந்தாலே "பொண்ணுக்குத் தையல், பையனுக்கு ஃபிட்டர்" என்று பெற்றோரே முடிவு செய்து விண்ணப்பத்தை நிரப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால் என்னென்ன கதவு அடைபடும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. தையலும் கோபா எனப்படும் கணினிப் பிரிவும் ஓராண்டுப் படிப்பு. இயந்திரப் பாகங்களைச் செதுக்கிப் பொருத்தும் ஃபிட்டர், லேத்தில் கடையும் டர்னர், எலக்ட்ரீஷியன் ஆகியவை ஈராண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஓராண்டுப் பிரிவுக்கு அந்த வழி இல்லை. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (உதவி ரயில் ஓட்டுநர்) வேலைக்கு ஃபிட்டர் சான்றிதழ் செல்லும், தையல் சான்றிதழ் செல்லாது.

"பெண்ணுக்குக் கைவலு போதாது" என்ற பேச்சு பட்டறையில்தான் பிறக்கிறது. ஃபிட்டர் பிரிவில் தொடக்க மாதங்கள் பெரும்பாலும் அரம் பிடித்து ராவுவதிலேயே போகும். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் தாடை, நிற்பவரின் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். மேசைகளோ சராசரி ஆண் உயரத்துக்குப் போடப்பட்டவை. ஐந்தடிப் பெண் அங்கே நின்றால் தோள் தூக்கிக்கொள்ளும். அரம் மட்டமாக ஓடாமல் ஊஞ்சலாடும். ஓரங்கள் தேய்ந்து நடுவில் மேடு தட்டும். செங்கோணம் பார்க்கும் டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இரு ஓரத்திலும் ஒளி கசியும். மதிப்பெண் குறையும், பழி அவள் கையின் மேல் விழும். காலடியில் 4 அங்குல உயரத்துக்கு மரப்பலகை போட்டால் சரியாகிவிடும் கோளாறு இது. குட்டையான பையனுக்கும் இதேதான் நடக்கிறது. அவனை யாரும் தையலுக்கு மாறச் சொல்வதில்லை.

அந்தத் தையலும் திருப்பூர் கம்பெனிக்குள் போனதும் வேறாகிவிடுகிறது. அங்கே கட்டிங் மாஸ்டர் பெரும்பாலும் ஆண். பிசிர் வெட்டுவதும் செக்கிங்கும் பெண்கள் கையில். கூலி கூடும் இடத்தில் அதே தொழில் ஆண் வேலையாகிவிடுவது வேதனை. பையன்களுக்கும் அடைத்த கதவு உண்டு: துணைச் செவிலியர் படிப்பில் அவர்களுக்கு இடமே கிடையாது.

இரவு ஷிஃப்ட்டைக் காரணம் காட்டிப் பெண்களை மறுக்கும் ஆலைகளும் இருக்கின்றன. பெண்களின் இரவு வேலையைத் தடுத்த 1948 தொழிற்சாலைகள் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே செல்லாது என்று சொல்லி, பாதுகாப்பு, போக்குவரத்து நிபந்தனைகளோடு அனுமதித்துவிட்டது.

ஐ.டி.ஐ. முதல்வர்கள் சேர்க்கை நாளில் பெண்ணையும் பெற்றோரையும் பட்டறைக்குள் அழைத்துப்போய், அவள் கையில் அரை மணி நேரம் அரத்தைக் கொடுக்க வேண்டும். பட்டறைக்குப் பக்கத்தில் பெண்கள் கழிப்பறை இருக்கிறதா, சிறிய அளவில் வெல்டிங் கையுறை இருக்கிறதா என்று பெற்றோரும் கேட்டுவிட்டுப் பிரிவை எழுதட்டும்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
கோவை